ரேட்டிங் ஏற லேகியம் உண்டா?

"டாக்டர், பையனுக்கு செஸ் ரேட்டிங் ஏறவே மாட்டேங்குது. மூளைக்கு நல்லதா ஒரு லேகியம் எழுதிக் குடுங்களேன்!"

மூட்டுவலிக்கும் மூலத்துக்கும் மட்டுமே சித்த வைத்தியரைத் தேடி வந்த காலம் போய், இப்போது இதற்கும் வர ஆரம்பித்துவிட்டார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நான் வைத்தியம் பார்க்கிற குமணன்சாவடியைச் சுற்றி இருக்கிற ஊர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிரக்ஞானந்தாவும் அவருடைய அக்கா வைஷாலியும் பாடியில் வளர்ந்தவர்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், 18 வயதிலேயே உலக சாம்பியன் ஆன குகேஷ் படித்தது மேல் அயனம்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில். எல்லாரும் நம்ம ஏரியாப் பிள்ளைகள்! அதனால் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று எங்கே திரும்பினாலும் செஸ் கிளாஸ் போர்டு தொங்குகிறது.

சந்தோஷமான விஷயம்தான். ஆனால் ஒரு வைத்தியனாக நான் கவனிப்பது பிள்ளைகளின் வயிற்றை. சனி, ஞாயிறு போட்டி என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரியே வயிற்றைப் பிடித்துக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். காலையில் நாலு தடவை பாத்ரூம் போகிறவர்கள், போட்டி ஹாலின் வாசலில் வாந்தி எடுக்கிறவர்கள், ஜெயித்த அன்றும் தலைவலியோடு வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். "எதிரில் உட்கார்ந்தவனுக்கு ரேட்டிங் ஜாஸ்தி, அதனால பயந்துட்டான்" என்று பெற்றோர் சொல்கிறார்கள். விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

லேகியத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்த ரேட்டிங் என்பது என்ன என்று புரிந்துகொள்வோம்.

வயிற்றுவலி யாருக்கு?

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக இருந்த அர்பாத் ஈலோ என்பவர் கண்டுபிடித்த கணக்கு இது. 1970ல் உலக செஸ் சம்மேளனம் இதை ஏற்றுக்கொண்டது. சாராம்சம் இதுதான்: இரண்டு பேருக்கும் 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், நூறு ஆட்டத்தில் மேலே இருப்பவருக்குச் சுமார் 76 பாயின்ட், கீழே இருப்பவருக்கு 24 பாயின்ட் வரும் என்று எதிர்பார்க்கலாம். கவனியுங்கள், கீழே இருப்பவருக்கு சைபர் இல்லை, 24!

இப்போது இன்னொரு சங்கதி. 18 வயதுக்கு உட்பட்ட, 2300க்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு ஒவ்வொரு ஆட்டமும் 40 என்கிற எண்ணால் பெருக்கப்படுகிறது. 200 புள்ளி கீழே இருக்கிற பிள்ளை ஜெயித்தால் சுமார் 30 ஏறும். தோற்றால் 10தான் இறங்கும். மேலே இருக்கிற பிள்ளைக்கு இது அப்படியே தலைகீழ். ஜெயித்தால் வெறும் 10, தோற்றால் 30 போச்சு. டிரா ஆனால்கூட 10 இறங்கும்.

இதைச் சொன்னதும் உங்களுக்குப் பொறி தட்டியிருக்குமே! பயப்பட அதிகக் காரணம் இருப்பது யாருக்கு? பலசாலிக்கு!

என்னிடம் வந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. மாதம் ஒருமுறை வயிற்றுவலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒன்றுமில்லை. நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன், அப்புறம் நோட்டுப் புத்தகம் ஒன்று கொடுத்து, வலி வந்த நாளையெல்லாம் குறிக்கச் சொன்னேன். மூன்று மாதத்தில் உண்மை தெரிந்தது. தன்னைவிடப் பெரிய ஆட்டக்காரரோடு மோதிய நாளில் குழந்தை சிரித்துக்கொண்டே போயிருக்கிறாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மோதிய நாளில்தான் வலி. முதல் ரவுண்டில் எப்போதும் அப்படித்தான் அமையும். ரேட்டிங் பட்டியலை இரண்டாகப் பிரித்து, மேல் பாதியைக் கீழ்ப் பாதியோடு மோத விடுவதுதான் பொதுவான முறை. "இவகிட்டயெல்லாம் தோத்துட்டு வந்துடாதே" என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான் வியாதி.

பட்டியல் வந்ததும் ராத்திரியே எதிராளியின் ரேட்டிங்கைத் தேடிப் படிக்கும் வழக்கத்தை விடச் சொன்னேன். காலை ஆகாரத்தை மாற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாக வலி குறைந்தது.

பாகுவில் நடந்தது

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் வயிறு இருக்கிறது என்பதற்கு, உலகமே பார்த்த ஓர் உதாரணம் சொல்கிறேன்.

2023 ஆகஸ்ட். அஜர்பைஜான் நாட்டின் பாகு நகரம். உலகக் கோப்பைச் செஸ் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன், வயது 32, ஐந்து முறை உலக சாம்பியன் பட்டத்தை ஜெயித்தவர், ரேட்டிங் 2830க்கு மேல். இன்னொரு பக்கம் நம் பாடிப் பையன் பிரக்ஞானந்தா, வயது 18. போட்டி தொடங்கியபோது அவர் ரேட்டிங் 2690. கிட்டத்தட்ட 145 புள்ளி வித்தியாசம். ஈலோ கணக்குப்படி பத்து ஆட்டத்தில் ஏழு பாயின்ட் பெரியவருக்கு, மூன்று பாயின்ட் சின்னவருக்கு.

ஆனால் அன்று போர்டின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த உடம்புகளின் நிலையைப் பாருங்கள்.

கார்ல்சன் அரையிறுதியில் ஜெயித்துவிட்டு ஓய்வில் இருந்தபோது, சாப்பிட்ட ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை. ஃபுட் பாய்சன். இரண்டு நாளாக அவரால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. பிரக்ஞானந்தாவோ, வழியில் நகமுரா, அர்ஜுன் எரிகைசி, கருவானா என்று மூன்று பேரோடு டைபிரேக்வரை போய் மல்லுக்கட்டி வந்தவர். ஆகஸ்ட் 21 அன்று கருவானாவோடு டைபிரேக், மறுநாளே இறுதிப் போட்டி. நடுவில் ஒரு நாள்கூட மூச்சுவிட நேரமில்லை. ஒருவருக்கு வயிறு காலி. இன்னொருவருக்கு உடம்பு அசதி.

22ஆம் தேதி முதல் ஆட்டம். பிரக்ஞானந்தாவுக்கு வெள்ளைக் காய். 35 நகர்த்தலில் டிரா. அன்று கார்ல்சன் சொன்ன ஒரு விஷயத்தை நான் பலருக்கும் எடுத்துச் சொல்வதுண்டு. பதற்றப்படுவதற்குக்கூடத் தனக்குத் தெம்பு இல்லாததால் அமைதியாக இருந்தேன் என்றார். பதற்றமும் உடம்பின் தெம்பைத் தின்கிற சமாச்சாரம்தான் என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

23ஆம் தேதி இரண்டாவது ஆட்டம். இப்போது கார்ல்சனுக்கு வெள்ளை. முதலில் நகர்த்தும் உரிமை அவருக்கு. ரேட்டிங் அதிகம், அனுபவம் அதிகம். எல்லாரும் அடித்து ஆடுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ சீக்கிரமாகக் காய்களை வெட்டி மாற்றிக்கொண்டு, 30 நகர்த்தலில் டிரா செய்துவிட்டு எழுந்து போனார். முழுச் சண்டைக்கு உடம்பில் இன்னும் வலு வரவில்லை, இன்னொரு நாள் ஓய்வு கிடைத்தால் தேறிவிடுவேன் என்பதுதான் அவர் கணக்கு. வேடிக்கை பார்த்தவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு வைத்தியனாக எனக்கு அந்த டிரா மிகவும் பிடித்திருந்தது.

24ஆம் தேதி டைபிரேக். ஆளுக்கு 25 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல். முதல் ஆட்டத்தில் கறுப்புக் காயோடு ஆடிய கார்ல்சன் 47 நகர்த்தலில் ஜெயித்தார். கடைசிக் கட்டத்தில் பிரக்ஞானந்தாவிடம் நேரம் கரைந்துபோயிருந்தது. அடுத்த ஆட்டம் 22 நகர்த்தலில் டிரா. கோப்பை கார்ல்சனுக்கு.

நம் பிள்ளை தோற்றுவிட்டானே என்று வருத்தப்பட வேண்டாம். உலகத்தில் ஒன்றாம் நம்பர் ஆட்டக்காரரை நீண்ட நேர ஆட்டம் இரண்டிலும் அவர் நிறுத்திக் காட்டினார். அதே கார்ல்சனை, 2024 மே மாதம் நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரில், நீண்ட நேர ஆட்டத்திலேயே ஜெயித்தும் காட்டினார்.

ஆனால் பாகுவில் கார்ல்சன் கற்றுக்கொடுத்த பாடத்தை நாம் விட்டுவிடக் கூடாது. "நான் 2830. எதிரில் இருப்பவன் 2690. நான் அடித்து ஆடாவிட்டால் ஊர் என்ன சொல்லும்?" என்று அவர் நினைக்கவில்லை. உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்டார். லங்கணம் பரம ஔஷதம் என்பார்களே, அதுபோல வயிற்றுக்கும் மூளைக்கும் ஒரு நாள் ஓய்வு கொடுத்தார். ரேட்டிங் என்பது நேற்று வரைக்குமான கணக்கு. இன்றைக்கு நாற்காலியில் உட்கார்வது உடம்பு.

மூளை மட்டும் தனியாக ஆடுவதில்லை

மூளையின் எடை உடம்பில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. உடனே, "செஸ் ஆடினால் ஒரு நாளைக்கு 6,000 கலோரி எரியுமாமே?" என்று கேட்காதீர்கள். அது மிகைப்படுத்திய கதை. நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூளை கேட்கிற சாப்பாடு கிட்டத்தட்ட அதே அளவுதான். தீவிரமாக யோசிப்பதால் கூடுகிற செலவு கொஞ்சம்தான்.

அப்படியானால் களைப்பு எங்கிருந்து வருகிறது? மணிக்கணக்கில் படபடக்கிற நெஞ்சு, மேலோட்டமான மூச்சு, தவறவிட்ட சாப்பாடு, கெட்டுப்போன தூக்கம் – இவற்றிலிருந்து. மாஸ்கோவில் 1984 செப்டம்பரில் தொடங்கிய கார்ப்போவ் – காஸ்பரோவ் பந்தயம் ஐந்து மாதம் இழுத்தது. 48 ஆட்டம் முடிந்தும் முடிவு வராமல், ஆட்டக்காரர்கள் களைத்துவிட்டதைக் காரணம் காட்டி 1985 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். கார்ப்போவ் பத்துக் கிலோ இளைத்துவிட்டதாக அப்போது பேசப்பட்டது.

சித்த மருத்துவத்தில் பயமும் பரபரப்பும் வாதத்தைக் கிளப்பும், ராத்திரி கண் விழிப்பது பித்தத்தை ஏற்றும் என்போம். நவீன மருத்துவம், பயத்தில் சுரக்கும் அட்ரினலின் வயிற்றுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்து, குடலின் அசைவை மாற்றிவிடுகிறது என்கிறது. இரண்டு பாஷையிலும் சொல்வது ஒன்றுதான். குழந்தை நடிக்கவில்லை. வலி நிஜம்.

சரி, லேகியம்?

ரேட்டிங் ஏற்றுகிற லேகியம் எந்த ஏட்டிலும் இல்லை! வல்லாரை நல்ல கீரைதான். வாரம் ஒருநாள் துவையலாக அரைத்து, சாதத்தில் பிசைந்து நல்லெண்ணெய் விட்டுக் கொடுங்கள். ஆனால் போட்டிக்கு முந்தின வாரம் 'மெமரி டானிக்' வாங்கி மளமளவென்று ஊற்றுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்தச் சூரணமானாலும், லேகியமானாலும், தகுதி பெற்ற மருத்துவர் குழந்தையைப் பார்த்துச் சொன்னால் ஒழியக் கொடுக்காதீர்கள்.

ஆங்கில மருந்திலும் இதே கதைதான். ஜெர்மனியில் செஸ் ஆட்டக்காரர்கள் 39 பேருக்கு, விழிப்பூட்டுகிற மருந்துகளையும் காப்பியில் இருக்கிற காஃபீனையும் கொடுத்து ஆடவிட்டுச் செய்த ஆய்வு ஒன்று 2017ல் வெளியானது. மருந்து எடுத்தவர்கள் கூடுதல் நேரம் யோசித்தார்கள். அதனால் நேரம் தீர்ந்து தோற்பதும் கூடியது! மேலும் சர்வதேசப் போட்டிகளில் ஊக்கமருந்து விதிகள் உண்டு என்பதையும் மறக்காதீர்கள்.

பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமி வெளிநாட்டுப் போட்டிகளுக்கு என்ன எடுத்துப் போனார் தெரியுமா? டானிக் இல்லை. ரைஸ் குக்கர்! போன இடத்திலெல்லாம் பிள்ளைகளுக்குச் சாதமும் ரசமும் வைத்துக் கொடுத்தார். வீட்டில் பழகிய வயிற்றுக்கு, பழகிய சாப்பாடு. மிளகும் சீரகமும் புளியும் சேர்ந்த அந்த ரசம் பசியைத் தூண்டும், மந்தத்தைப் போக்கும். அதைவிட முக்கியம், வயிறு புதிதாக எதையும் சமாளிக்க வேண்டியதில்லை.

போட்டி நாளில் என்ன செய்யலாம்?

* முந்தின ராத்திரி: எட்டு மணிக்குள் இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் என்று இலேசான ஆகாரம். புரோட்டா, பிரியாணி, ஃபிரைடு ரைஸ் அன்றைக்கு வேண்டாம். பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு மணி நேரம். "கடைசியா ஒரு ஓப்பனிங் மட்டும் பார்த்துடுறேன்" என்று செல்போனை எடுத்தால் வாங்கி வைத்துவிடுங்கள்.

* காலை: வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள், திணிக்கவும் செய்யாதீர்கள். ஆட்டத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாடு முடிந்துவிடட்டும். அன்று புதிய பண்டம் எதுவும் கூடாது.

* கையில்: காய்ச்சி ஆறிய தண்ணீர், வாழைப்பழம், பேரீச்சம்பழம், பொட்டுக்கடலை அல்லது வறுத்த வேர்க்கடலை. வயிறு உப்புசம் உள்ள பிள்ளைகளுக்குச் சீரகத் தண்ணீர். கலர் பானங்களும் இனிப்பு ஜூஸும் சட்டென்று சர்க்கரையை ஏற்றிவிட்டு இறக்கிவிடும். கார்ல்சனே ஆரஞ்சு ஜூஸை விட்டுவிட்டு, சாக்லெட் பாலோடு சாதாரணப் பாலைக் கலந்து குடிக்க ஆரம்பித்தவர்தான்.

* ஆட்டத்தின்போது: நெஞ்சு படபடத்தால் மூக்கால் நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடச் சொல்லிக் கொடுங்கள். ஐந்தாறு தடவை போதும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. நடுவரிடம் சொல்லிவிட்டுப் போய் வரலாம். ஏ.சி. ஹாலில் குளிர்ந்தால் ஒரு முழுக்கை சட்டை எடுத்துப் போகட்டும்.

* இரண்டு ரவுண்டுக்கு நடுவில்: தோற்ற ஆட்டத்தை மரத்தடியில் வைத்து போஸ்ட் மார்ட்டம் செய்யாதீர்கள். பத்து நிமிடம் நடக்கட்டும், ஓடி விளையாடட்டும், தயிர்சாதம் சாப்பிடட்டும்.

எப்போது போட்டியை விட வேண்டும்?

இதுதான் பெற்றோருக்கு மிகவும் கஷ்டமான கேள்வி. "என்ட்ரி ஃபீஸ் கட்டியாச்சு டாக்டர், நாலே ரவுண்டுதான் பாக்கி. ஒரு மாத்திரை குடுத்து அனுப்பிடலாமா?" என்பார்கள். காய்ச்சல், தொடர் வாந்தி, பேதி இருந்தால் பிள்ளையை அனுப்பாதீர்கள். பேதிக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை, அதில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பசி எடுத்தால் உப்புப் போட்ட நொய்க் கஞ்சி, நீர்மோர்.

வலது அடிவயிற்றில் வலி, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, கூப்பிட்டால் எழாத மயக்கம் – இவற்றில் எது இருந்தாலும் கை வைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி. வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, குழந்தை எடை குறைகிறது என்றால், அது போட்டிப் பயம் என்று நீங்களே முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உடம்பு சரியில்லாமல் போர்டுக்கு வந்துவிட்டால், டிரா கேட்பது அவமானம் இல்லை என்று பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். எதிராளி சின்னவனாக இருந்தாலும் பரவாயில்லை. உலகத்தின் ஒன்றாம் நம்பரே அதைச் செய்திருக்கிறார். பத்துப் புள்ளி போனால் அடுத்த மாதம் சம்பாதித்துக்கொள்ளலாம்.

அதேபோல, எதிராளி பெரியவனாக இருந்தால் பிள்ளையிடம் அந்த 24 பாயின்டை ஞாபகப்படுத்துங்கள். "நூறில் இருபத்துநாலு உன்னுடையது. அதில் ஒன்று இன்றைக்கு வரலாம். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, தெளிவாகப் போய் உட்கார்" என்று சொல்லுங்கள். வேறு உபதேசம் தேவையில்லை.

ஆட்டம் முடிந்து பிள்ளை ஹாலை விட்டு வெளியே வரும்போது எல்லாப் பெற்றோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "ஜெயிச்சியா?" அடுத்த முறை அதற்கு முன்னால், "பசிக்குதா கண்ணு?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி வயிற்றுவலி அங்கேயே குறைந்துவிடும்.